ஓரத்தில் எழுதியது

சூடாமணி செத்த பதினாறாம் நாள் திண்டிவனத்திலிருந்து அவளுடைய தகரப் பெட்டி வந்தது. சம்பந்தி வீட்டு ஆள் அதை ரேழியில் வைத்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். பெட்டியில் நான்கு புடவைகள், பல் போன ஒரு சீப்பு, குங்குமச் சிமிழ். அடியில் ஒரு காகிதக் கட்டு. வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்தெடுத்து, கறுப்பு நூலால் குத்தித் தைத்து வைத்திருந்தாள். இருபத்தைந்து அத்தியாயம். கதை அதற்குப் பிறகும் ஓடியது. அவள் ஓடவில்லை. டைபாய்டு. வயசு பதினேழு.

அவள் அப்பா அனந்தராமன் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். தொடர்கதை என்றால் அவருக்கு ஆகாது. அதை வீட்டோடு வைத்துக்கொண்டவருமில்லை. பள்ளியின் இலக்கியச் சங்கத்தில் ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கதை படிக்கும் பெண் முதலில் சோற்றைக் குழைய விடுவாள், அப்புறம் குடித்தனத்தையே குழைய விடுவாள் என்றபோது நல்ல கைதட்டல். கல்யாணத்துக்கு முன்பு சூடாமணி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த இரண்டு இதழ்களை அவரே எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டார். பெண் அழவில்லை. ‘முடிவு மட்டும் பார்த்துக்கறேன்ப்பா, அப்புறம் போடுங்கோ’ என்று கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டையும் அவர் அடுப்பில் போட்டிருப்பார். அதற்குள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி அதை மடியில் வைத்துக்கொண்டு பிரித்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்தின் ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்தின் சாய்வு தெரிந்தது. அந்தச் சாய்வை ஸ்லேட்டில் ஏழு வருஷம் பார்த்தவள்.

“ஏன்னா, இதெல்லாம் அவ எழுதினதுதானே?”

“ஆமாம்.”

“என்ன எழுதியிருக்கா?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். “கதையைப் பத்தி ஏதோ எழுதியிருக்கா.”

“படிங்கோ.”

“இது கதைடி.”

“கதையையும் படிங்கோ. கதை தெரியாம அவ சொல்றது நேக்கு எப்படிப் புரியும்?”

அப்படித்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை திண்டிவனம் ஸ்டேஷனில் சரக்குக் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை வண்டியில் பத்திரிகைக் கட்டு வந்ததும் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் மனைவியிடம் கொடுப்பானாம். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை. ஆகவே ஜெயலக்ஷ்மி விதி போட்டாள்: வெள்ளிக்கிழமைக்கு ஒரு அத்தியாயம். அவள் படித்த மாதிரியே. அதற்கு மேல் ஒரு வரி கிடையாது.

“ஒரே மூச்சா முடிச்சுட்டா, அப்புறம் நமக்கு என்ன இருக்கு?” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்பி குடித்து, கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து அவர் படிப்பார். முதல் இரண்டு வாரம் பஞ்சாங்கம் படிக்கிற குரலில்தான் படித்தார். கதை ஒன்றும் பெரிய கதை அல்ல. ஹேமாவதி என்று ஒரு பெண். நல்ல வீட்டில் பிறந்து, கெட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எல்லாவற்றுக்கும் அழுகிறாள். முதல் அத்தியாயத்திலேயே சூடாமணி ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘இவள் இத்தனை அழுதால் அடுப்பில் இருப்பதை யார் இறக்குவது?’

ஜெயலக்ஷ்மி சிரித்துவிட்டாள். பெண் செத்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, “மேலே படிங்கோ” என்றாள்.

நான்காவது அத்தியாயத்தில் மாமியார் வந்தாள். ஒன்றரைப் பக்கம் அவளுடைய உருவ வர்ணனை. ஓரத்தில்: ‘எங்கள் ஆத்தில் இருப்பது இதைவிட உசரம்.’ ஏழாவதில் ஹேமாவதியை ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டார்கள். ஓரத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. ‘அம்மா கையால் ஒரு வாய் மோர்சாதம்’ என்று மட்டும் இருந்தது. அதைக் கேட்டதும் ஜெயலக்ஷ்மி எழுந்து சமையல் உள்ளுக்குப் போனாள். பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவதில் கதாசிரியர் ஒரு தப்புப் பண்ணியிருந்தார். ஒன்பதில் கண் தெரியாதவளாக இருந்த அத்தை ஊசியில் நூல் கோத்தாள். சூடாமணி அதன் கீழே இரண்டு கோடு போட்டு, ‘அப்பாவிடம் காட்டினால் திருத்துவார்’ என்று எழுதியிருந்தாள். அனந்தராமன் அதை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை ஜெயலக்ஷ்மிக்காக இல்லை.

ஐந்தாறு வாரத்தில் அவருக்கு ஒரு சங்கதி பிடிபட்டது. வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது ஹேமாவதியை அந்த மாமியார் இன்று என்ன செய்வாள் என்று யோசிக்கிறார். குளத்தைச் சுற்றி வரும்போதும் அதே. ஒரு புதன்கிழமை, சாதத்தில் கை வைத்தவர், அந்தப் பெண்ணை மாட்டுக் கொட்டிலில் படுக்க வைத்தது ஞாபகம் வந்து எழுந்துவிட்டார். மோசமான நடை, இலக்கணப் பிழை, அத்தைக்குக் கண் போய்ப் போய் வருகிறது. இருந்தும் கதை அவரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இதற்காகவா பெண்ணை அடித்தோம் என்று ஒரு கணம் நினைத்தார். அடித்தது ஒரு தரம்தான். ஆனாலும் அடித்தது அடித்ததுதான்.

பத்தொன்பதாம் அத்தியாயம் படிக்கிற முறை ஆவணி மாசத்தில் வந்தது.

அதில் ஹேமாவதி அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். உடம்பு முடியவில்லை, பத்து நாளைக்கு என்னை வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்று எழுதித் தபாலில் போடுகிறாள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது. பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல், காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நீளவாக்கில் சூடாமணி எழுதியிருந்தாள்: ‘நானும் எழுதினேன். கதைப் பெண்கள் மாதிரி எழுதாதே என்று பதில் வந்தது. ஹேமாவதியின் அப்பா என்ன செய்கிறார் பார்ப்போம்.’

அனந்தராமன் கட்டை மூடினார்.

“அவ ஒண்ணும் எழுதல்லியா?” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“இல்லே.”

“பென்சில் தெரிஞ்சுதே. நீளமா.”

“ஏதோ கணக்கு. வண்ணானுக்குப் போட்ட துணிக் கணக்கு.”

சூடாமணியின் அந்தக் கடிதம் வந்தது மாசி மாசக் கடைசியில். கார்டு. ‘உடம்பு சரியாக இல்லை அப்பா. பத்து நாள் வந்து அழைத்துக்கொண்டு போங்கோ. அம்மாவைப் பார்க்க வேணும் போல் இருக்கிறது. இரவில் ரொம்ப பயமாக இருக்கிறது.’ கடைசி வரியில்தான் அவருக்குக் கோபம் வந்தது. இது பத்திரிகையில் படித்த வரி, இந்தப் பெண் தன்னைக் கதாநாயகி என்று நினைத்துக்கொண்டு விட்டது என்று நினைத்தார். அன்றைக்கே பதில் எழுதினார். கதைப் பெண்கள் மாதிரி கடிதம் எழுதாதே, பரீட்சை முடியட்டும், கோடை விடுமுறைக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று நல்ல கையெழுத்தில், பிழையில்லாமல். ஜெயலக்ஷ்மியிடம் கார்டைக் காட்டவில்லை. கோடை விடுமுறைக்குப் பத்து நாள் இருக்கும்போது தந்தி வந்தது.

ஆக, தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பதிலுக்குப் பிறகு ஆறு வாரம் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். ஆறு அத்தியாயம் படித்திருக்கிறாள். அந்த ஆறின் ஓரத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள்? வைதிருக்கிறாளா, விட்டுவிட்டாளா?

ஜெயலக்ஷ்மி கோயிலுக்குப் போயிருந்தபோது அவர் இரண்டு தடவை கட்டைக் கையில் எடுத்தார். தடவிப் புரட்டினார். கடைசிப் பக்கங்களில் பென்சில் எழுத்து பெரிசு பெரிசாக, வரி கோணி, கீழே வழிந்துகொண்டு போனது தெரிந்தது. படிக்கவில்லை. எழுத்து என்று தெரிகிற தூரத்திலேயே கண்ணை நிறுத்திக்கொண்டு மூடி வைத்தார். மனைவி போட்ட விதி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். விதியாவது ஒன்றாவது. பயம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டின் நூல் இற்றுப்போயிருந்தது. முதல் பக்கங்கள் கழன்று தொங்கின.

“பைண்டு பண்ணி வெச்சுட்டா நாளைக்கும் இருக்கும்” என்றார்.

ஜெயலக்ஷ்மி கட்டை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள். “பத்திரமாத் திரும்பி வந்துடுமோன்னோ?”

“புஸ்தகம் கட்டறவன் தின்னுடவா போறான்?”

பத்து நாள் கிடைக்கும். அதுதான் கணக்கு.

மாடவீதிப் பக்கத்து பைண்டருக்கு அவரை நன்றாகத் தெரியும். தமிழ் வாத்தியார் தொடர்கதை கட்ட வந்தார் என்று மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துவிடும். ஆகவே ராயப்பேட்டைக்கு நடந்தார். மசூதிச் சந்தில் ஷரீஃபின் கடை. முன்னால் கடை, நடுவில் ஒரு சாக்குத் திரை, பின்னால் குடித்தனம். கடை முழுக்கப் பசை நாற்றம். ஷரீஃப் காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ கோர்ட்டுக் கட்டைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க ஐயரே. இன்னா புஸ்தகம்?”

அனந்தராமன் பையிலிருந்து கட்டை எடுத்துக் கொடுத்தார். ஷரீஃப் பக்கங்களைக் கட்டைவிரலால் விசிறி மாதிரி விட்டுப் பார்த்தான். நடுவில் நிறுத்தினான்.

“ஓரமெல்லாம் பென்சில்ல எள்திகீதே. இது வேணுமா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “என்ன ஓய்! ராயப்பேட்டை வரைக்கும் வந்துட்டீர்?”

கஸ்தூரிரங்கன். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அன்று இலக்கியச் சங்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியவர். ஏதோ ஜோசிய நூலைக் கட்டக் கொடுத்திருந்தாராம், வாங்கிப் போக வந்தார். உரிமையோடு குனிந்து ஷரீஃபின் கையில் இருந்ததைப் பார்த்தார்.

“அடடே, ஹேமாவதி! என் ஆத்துக்காரி இவளுக்காக மூணு நாள் ரசத்துக்கு உப்புப் போடல்லே ஓய். நீருமா?”

“நேக்கென்ன இதெல்லாம்? யாரோ குடுத்து, கட்டி வாங்கிண்டு வரச் சொன்னா.”

“ஓரத்துல என்ன இது, வியாக்யானமா? யாரு பண்ணினது?”

“ஏதோ குழந்தை கிறுக்கினது.”

“அப்போ இது வாணாமா ஐயரே?” என்றான் ஷரீஃப். அவன் ஊசியைக் கீழே வைத்திருந்தான்.

“கிறுக்கல்தான்னு சொன்னேனே. வழக்கமா எப்படிச் செய்வியோ அப்படியே செய்.”

கஸ்தூரிரங்கன் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினார். இருவருமாக லஸ் வரைக்கும் நடந்தார்கள். புது ஹெட்மாஸ்டரைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். பைண்டர் எதற்காக இரண்டு தடவை கேட்டான் என்று அனந்தராமனுக்குத் தோன்றவே இல்லை. எழுதியது எங்கே போய்விடப் போகிறது என்றுதான் நினைத்தார். பிற்பாடு அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஷரீஃப் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினான். பச்சைக் காலிகோத் துணி முதுகு, மார்பிள் காகித அட்டை, மூன்று பக்கமும் வழவழவென்று சிவப்புப் பொட்டுத் தெளித்த ஓரம். “சோக்கா வந்துகீது பாருங்க” என்றான். அனந்தராமன் பிரித்துப் பார்க்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டில் ஜெயலக்ஷ்மி கை கழுவிவிட்டுக் காத்திருந்தாள்.

அவள்தான் பிரித்தாள். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். அப்புறம் வேகமாக.

“பென்சில் எங்கேன்னா?”

அவர் வாங்கிப் பார்த்தார். அச்செழுத்து ஓரம்வரை வந்து நின்றது. வெள்ளை என்று இருந்தது ஒரு நூல் அகலம். சில இடத்தில் ஒரு சுழியின் கால், ஒரு கொம்பின் முனை. அவ்வளவுதான். இருபதாம் அத்தியாயத்தைத் திறந்தார். இருபத்தொன்று. இருபத்தைந்து. எல்லாம் சுத்தம். இந்தத் தரம் அவர் கண்ணை நிறுத்தவில்லை. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

“வெட்டிட்டான்” என்றார். “அந்தப் பைண்டர். முட்டாப் பய. ஓரத்தை வெட்டிட்டான்.”

ஜெயலக்ஷ்மி அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். புத்தகத்தை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “கிளம்புங்கோ.”

“எங்கே?”

“வெட்டினதைக் கீழேதானே போட்டிருப்பான்?”

பெண் போனதிலிருந்து வாசலைத் தாண்டிக் கோயிலுக்கு மட்டும் போனவள், வெயில் தாழாத நேரத்தில் மடிசாரோடு ராயப்பேட்டைக்கு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

பொம்பிளையைப் பார்த்ததும் ஷரீஃப் எழுந்து நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி ஹாஜிரா பீ எட்டிப் பார்த்தாள்.

“இது என் பொண்ணு எழுதினதுப்பா” என்றாள் ஜெயலக்ஷ்மி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. “செத்துப்போயிட்டா. ஓரத்துல எழுதி வெச்சிருந்தா. நீ வெட்டிட்டியாமே?”

ஷரீஃப் அவளைப் பார்க்கவில்லை. அனந்தராமனைப் பார்த்தான்.

“இன்னா ஐயரே இது? நான் கேட்டனே உங்கள. கொயந்த கிறுக்கனதுன்னீங்களே.”

அனந்தராமன் வாசற்படிக்கு நகர்ந்தார்.

“நீ இன்னொரு தபா கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள் ஹாஜிரா பீ.

“ரெண்டு தபா கேட்டேன். அந்தக் கணக்கு வாத்யாரு கூட நின்னுக்கினு இருந்தாரு, அவர வேணா கேளு. வக்கீலுங்க புஸ்தகத்துல இத்தமாரி எள்தி வெச்சிருப்பாங்க. வேணும்னா அந்த ஓரத்த மட்டும் உள்ள மடிச்சு வெச்சுட்டுத்தான் கத்தி போடுவேன். ஒரு எள்த்து போவாது. எனக்குத் தமிள் படிக்க வராது, ஆனா கையெள்த்துன்னா தெரியாதா? வாணாம்னு இவருதான் சொன்னாரு.”

ஜெயலக்ஷ்மி கணவனைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. “துண்டெல்லாம் எங்கே?”

“அட்டை பண்றவன் செவ்வாக்கெளம வந்து மூட்டைய தூக்கிக்கினு பூட்டாம்மா. ஊறவெச்சி அரைச்சிருப்பான். மூட்டை கொள்ளாம வுட்டது கொஞ்சம் அடியில கீது.”

ஹாஜிரா பீ மூலையிலிருந்த சாக்கை இழுத்து வந்தாள். பாயை விரித்து அதன்மேல் கவிழ்த்தாள். பசை ஒட்டிய காகித நறுக்குகள், நூல் துண்டு, தூசி. விரல் அகலத்துப் பட்டைகள், நூற்றுக்கணக்கில், யார் யாருடைய புத்தகங்களின் ஓரமோ. ஜெயலக்ஷ்மி பாயில் உட்கார்ந்தாள். ஹாஜிரா பீ எதிரில் உட்கார்ந்தாள். ஷரீஃபும் குந்தினான். வெறும் வெள்ளையை ஒரு பக்கம், பென்சில் கண்டதை ஒரு பக்கம். மூன்று பேருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஏழு பட்டைகள் அகப்பட்டன. ஜெயலக்ஷ்மி அவற்றைப் புடவைத் தலைப்பில் வைத்து நீட்டினாள்.

“படிங்கோ.”

அவர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். “‘...த்தனை தரம் தலைவா...’ அவ்வளவுதான் இருக்கு.” அடுத்தது. “‘...மோர்சா...’ இது முன்னாடி படிச்சது.” அடுத்ததில் இரண்டு கோடு மட்டும். அடுத்ததில் ஒரு வார்த்தையின் மேல்பாதி. ஐந்து, ஆறு, ஒன்றும் தேறவில்லை.

ஏழாவது நீளப் பட்டை. நீளவாக்கில் எழுதியதால் முழுசாகத் தப்பியிருந்தது. ஒரு எழுத்து குறையவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். துணிக் கணக்கு என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. இன்னொரு தரம் சொன்னால் போதும். அந்தக் கடையில் அவரைப் பிடிக்க யாராலும் முடியாது. அதை அவர் யோசிக்கவும் செய்தார். பிறகு பட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “‘நானும் எழுதினேன். கதைப் பெண்கள் மாதிரி எழுதாதே என்று பதில் வந்தது. ஹேமாவதியின் அப்பா என்ன செய்கிறார் பார்ப்போம்.’”

ஷரீஃபுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். எழுந்து திரைக்குப் பின்னால் போய்விட்டான்.

“யாருக்கு எழுதினா?” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“நேக்கு.”

“எப்போ?”

“மாசியில. உடம்பு சரியில்லே, வந்து அழைச்சுண்டு போங்கோன்னு.”

“அப்போ நான் எங்கே இருந்தேன்?”

“உள்ளே. அப்பளம் இட்டுண்டிருந்தே.”

“என்கிட்டே ஏன் சொல்லல்லே?”

“சொன்னா நீ உடனே கிளம்புவே.”

“கிளம்பியிருப்பேன்” என்றாள் ஜெயலக்ஷ்மி.

ஹாஜிரா பீ அவள் முழங்கை மேல் கை வைத்தாள். ஜெயலக்ஷ்மி அந்தக் கையை விலக்கவில்லை.

“என்னையும் கேட்டிருந்தாளா?”

“அம்மாவைப் பாக்கணும் போல இருக்குன்னு எழுதியிருந்தா.”

“அந்தக் கார்டு எங்கே?”

“அடுப்புல போட்டுட்டேன்.”

ஏழு பட்டைகளையும் அவர் கையிலிருந்து வாங்கித் தலைப்பில் முடிந்துகொண்டு அவள் எழுந்தாள். ஹாஜிரா பீயிடம் மட்டும் போய்வருகிறேன் என்றாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் புத்தகம் அலமாரியில் இருந்தது. வீட்டில் சமையல் நடந்தது, காப்பி வந்தது, வேளை தவறாமல் இலை போட்டாள். பேச்சு மட்டும் கிடையாது. அனந்தராமன் ஒரு நாள், “மீதியைப் படிக்கட்டுமா?” என்று கேட்டார். காதில் விழாத மாதிரி அவள் ரசத்தை ஊற்றினாள்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கூடத்தில் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சாரியில் குடியிருக்கிற டிராம் கண்டக்டர் மனைவி. எட்டாவது வரை படித்தவள். மடியில் பச்சை முதுகுப் புத்தகம். வாத்தியாரைக் கண்டு எழுந்திருக்கப் போனவளை ஜெயலக்ஷ்மி கையமர்த்தினாள்.

“நீ படிம்மா. அவர் உள்ளே போயிடுவார்.”

அவர் உள்ளே போனார். திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் இருந்தது ஒரு கதவுதான், அதுவும் சாத்துவதற்கில்லை.

செண்பகம் வேகமாகப் படித்தாள். வடமொழி எழுத்து வந்தால் தடுக்கினாள், தடுக்கிய இடத்தில் சிரித்தாள். இருபதாம் அத்தியாயம். ஹேமாவதியின் கடிதம் அவளுடைய அப்பாவுக்குப் போய்ச் சேருகிறது. அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, நெல் வியாபாரி. சாப்பிட உட்கார்ந்தவர் கையில் கொடுக்கிறார்கள். படித்தார். எழுந்தார். மேல்துண்டை எடுத்துக்கொண்டார். இலையில் சாதம் அப்படியே இருந்தது. வண்டி கட்ட நேரமில்லை என்று ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். கதாசிரியர் அந்த ரயில் பயணத்துக்கு இரண்டு பக்கம் செலவழித்திருந்தார். அனந்தராமன் ஒரே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தையும் கேட்டார். மறுநாள் விடியும்போது அந்த அப்பா பெண்ணின் வாசலில் நின்று அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இதையும் சூடாமணி படித்திருக்கிறாள். பதில் கார்டு கையில் வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, ஜுரத்தோடு. படித்துவிட்டுப் பென்சிலை எடுத்திருக்கிறாள். எடுத்து என்ன எழுதினாள் என்பது எங்கோ அட்டையாகிக் காய்ந்துகொண்டிருந்தது.

கூடத்தில் வாசிப்பு நின்றது.

“ஏன் மாமி அழுவுறீங்க?” என்றாள் செண்பகம். “அதான் அப்பா வந்துட்டாருல்ல?”

ஜெயலக்ஷ்மி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஓரத்துல ஏதாவது எழுதியிருக்கா பாரு” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“ஒண்ணுமில்லியே மாமி. ஒட்ட வெட்டிக்கீறாங்க.”

“சரி. மேலே படி.”